பயணம் சொல்லாமல் போன அத்தா

1

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் கல்லூரிக்கு என்னோடு பஸ்ஸில் வந்தவர்களும், கல்யாணமாகி அரியலூர், செந்துறை என்று போய்விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அன்சாரி சிறைக்குப் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் குடியிருக்கும் இங்கிலாந்தில்தான்.

உங்களில் சிலரிடம் அவர் ஸ்காட்லாந்தில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். கடலுக்குள் காற்றாலை நிறுத்துகிற கம்பெனி, அங்கே போன் எடுக்காது என்று விவரமாகவே சொன்னேன். எல்லோரும் நம்பினீர்கள். மன்னித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். அவர் பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டின் முகவரியைப் பார்க்கப் போனை நோக்கிக் குனிந்த நேரத்தில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் மீது வேன் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தக் குடும்பத்துக்காக துஆ செய்கிறேன். என் கணவர் நிரபராதி என்று இந்தக் குறிப்பில் எங்கேயும் வராது. கோர்ட்டில் அவரே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் எழுத வந்தது வேறு. எங்களுக்கு ஹாஜரா என்று ஒரே மகள். ஒன்பது வயது. இதனால் அவளுக்கு அத்தா என்று ஒருவர் இல்லாமலே போய்விடுமோ என்று இந்த ஒரு வருடத்தில் முக்கால்வாசி நாள் பயந்துகொண்டே இருந்தேன். அப்படிப் போகாமல் காத்தவர்கள் இருக்கிறார்கள். சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் பிள்ளைகளுக்கும் உதவி செய்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள். உலகத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுவது அதனால்தான்.

2

தீர்ப்பு நாளன்று காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தண்டனையை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஹாஜரா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து லேசாகக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெளியே நடைவழியில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள் கூப்பிட வேண்டிய எண் என்று அதில் போட்டிருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்தேன். அது வேறு மாதிரியான குடும்பங்களுக்கு என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் ஹாஜரா கேட்டாள். "அத்தா எங்கம்மா?"

"துபாய்க்கு வேலைக்குப் போயிருக்காங்க. திடீர்னு கூப்ட்டாங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்ததும் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். சவுதி, துபாய், குவைத். என் அத்தா ரியாத்தில் இருந்தார். நான் பிறந்தபோதும் அங்கேதான், பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோதும் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். அவரிடம் கூச்சமில்லாமல் பேசப் பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். அதை யாரும் ஒரு குறையாக எண்ணவில்லை. அத்தா ஊரில் இல்லை என்றால் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு அதைவிட மரியாதையான காரணம் எனக்குத் தெரியாது.

சிறையும் அந்தப் பொய்க்கு ஒத்துப்போனது. அங்கிருந்து அவர்தான் கூப்பிடலாம், நாம் கூப்பிட முடியாது. பத்து நிமிஷத்தில் கட்டாகிவிடும். பின்னால் யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ரியாத்திலிருந்து மளிகைக்கடை போனுக்கு என் அத்தா வெள்ளிக்கிழமைகளில் பேசியதும் இதே மாதிரிதான். "துபாய்ல வெயிலா அத்தா?" என்று ஹாஜரா கேட்பாள். "ஆமாம்மா, தாங்க முடியல" என்பார். அவர் அறையில் ஹீட்டர் பழுதாகி, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்த மாதம் அது.

பள்ளிக்கூடத்தில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பெற்றோர் கூட்டத்தில் அப்பாவைக் காணோமே என்று டீச்சர் விசாரித்தபோது, வெளியூரில் இருக்கிறார் என்பதற்கு நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷில் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றேன். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை போலிருக்கிறது. எந்த ஸ்டேஷன் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது.

3

ஒரு மாதம் கழித்து அவரைப் பார்க்க முதல் தடவை அனுமதி கிடைத்தது. ஹாஜராவிடம் ஓவர்டைம் என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். கையில் மூன்றடுக்கு கேரியர். நெய்ச்சோறு, தாளிச்சா, கொஞ்சம் கறி. ஒருவரைப் பார்க்கப் போகும்போது வெறும் கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக்கு என்றாலும் அப்படித்தான், ஜெயிலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

சிறைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு கட்டடம். பார்க்க வருகிறவர்கள் முதலில் அங்கேதான் பதிய வேண்டும். அரசாங்கம் நடத்துவதில்லை, ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. அங்கேதான் டோனாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், கழுத்தில் சாவிக்கொத்து. குரல் மட்டும் திட்டக்குடி பஸ் கண்டக்டர் குரல்.

டோனா கேரியரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உள்ளே ஒரு காகிதம்கூடக் கொண்டுபோக முடியாது, போன், பை, கோட்டு எல்லாவற்றையும் லாக்கரில் வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். கேரியர் லாக்கருக்குள் போகவில்லை. சாய்த்துப் பார்த்தோம், அடுக்கைப் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் தன் மேஜைமேல் வாங்கி வைத்துக்கொண்டு, நான் காவல் இருக்கிறேன், நீ போய்விட்டு வா என்றாள்.

உள்ளே கைரேகை எடுத்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள். மோப்ப நாய் என்னிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாக நின்றது. நெய் வாசனையாக இருக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலங்கி போட்டுக்கொண்டு அன்சாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கக் கூடாது. "சாப்ட்டீங்களா?" என்றேன். "ம். நீ?" என்றார். ஒரு மணி நேரத்தில் இதையே மூன்று தடவை கேட்டுக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது டோனா சோற்றைச் சூடு பண்ணி இரண்டு தட்டில் போட்டு வைத்திருந்தாள். காலையிலிருந்து நீ சாப்பிட்டிருக்கமாட்டாய், உட்கார் என்றாள். உட்கார்ந்தேன். அவளும் சாப்பிட்டாள். தாளிச்சாவின் காரத்தில் அவளுக்கு மூக்கு சிவந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தீர்ப்பு நாளுக்குப் பிறகு எதிரில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டது அன்றைக்குத்தான். அழுதுவிட்டேன். அழாதே என்று டோனா சொல்லவில்லை. சமையலறைத் துடைப்புக் காகிதத்தை உருளையோடு எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். உன் மகளுக்கு என்ன தெரியும்?

துபாய் என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கும், தெரியாததைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் நடந்ததைவிட மோசமாக இருக்கும் என்றாள். அவளுக்கு ஏழு வயதில் அவள் அப்பா உள்ளே இருந்தாராம். கப்பலில் வேலை என்று வீட்டில் சொன்னார்களாம். இத்தனை வருடம் கழித்தும் எந்தத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தாலும் ஆத்திரம் வருகிறது என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது கூப்பிடு, சொல்லும்போது பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள்.

இன்ஷா அல்லாஹ், அப்புறம் என்றேன். அந்த அப்புறம் ஏழு மாதம் ஓடியது.

4

லப்பைக்குடிக்காட்டில் இருக்கும் என் அக்கா நூர்ஜஹான் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜரா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அத்தா நல்லாருக்காங்களா தங்கம்? அங்க குளிரு எப்புடி?"

"குளிரா? துபாய்ல வெயில் பெரியம்மா."

அந்தப் பக்கம் அக்கா டிவியை நிறுத்துவது கேட்டது. பிறகு, "துபாயா? ஸ்காட்லாந்துன்னாளே ஒங்கம்மா."

ஓடிப்போய் வாங்கினேன். "இல்லக்கா, அந்தக் கம்பெனிதான் கொஞ்ச நாளைக்கு துபாய்க்கு அனுப்பிருக்கு."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன பர்வீனு? துபாய்ல எங்க?"

"அது… தெரியலக்கா."

"புருசன் எங்க இருக்காருன்னு தெரியல. நல்லாருக்குடி ஒன் கூத்து. ஒங்க மச்சான் துபாய் தேராலதான இருக்காரு. அவரு ரூம்லயே நம்மூரு ஆளுங்க எட்டு பேரு. லீவு நாளா பாத்து போயி, மாப்ளைக்கு ரெண்டு பொட்டலம் பிரியாணி குடுத்துட்டு வந்துருவாங்க. அட்ரஸ வாங்கி அனுப்பு."

துபாயில் இருக்கிறார் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் பொய் சொல்வது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார் என்று சொல்வதுபோலத்தான். போய்ப் பார்த்துவிட்டே வந்துவிடுவார்கள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். ஹாஜரா அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் செல்வி ஞாபகம் வந்தது. பெரம்பலூரில் பிளஸ் ஒன் சேர்ந்தபோது என் பெஞ்சில் உட்கார்ந்தவள். குரும்பலூர்க்காரி. வரப்புத் தகராறில் நடந்த ஒரு கொலைக்காக அவள் அப்பா திருச்சி ஜெயிலில் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு படிவத்துக்காக வகுப்பாசிரியை ஒவ்வொருவரிடமும் அப்பாவின் தொழிலைக் கேட்டுக்கொண்டு வந்தார். செல்வி எழுந்து, "வெளிநாடு மிஸ்" என்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "துபாயா, திருச்சியாடி?" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு உண்மையிலேயே வெளிநாட்டில் ஒரு அத்தா இருந்தார் என்கிற தெம்பில் கொஞ்சம் கூடவே சிரித்தேன்.

அரைப்பரீட்சைக்கு அவள் வரவில்லை. பெரம்பலூரிலிருந்து குரும்பலூருக்கு ஒரே பஸ். நான் போகவில்லை. மிஸ்ஸும் போகவில்லை. ஒரு பிள்ளை படிப்பை விட்டு நிற்பதற்கு, அவளை யாரும் அடிக்க வேண்டியிருக்கவில்லை, திட்ட வேண்டியிருக்கவில்லை.

5

அந்தப் போனுக்குப் பிறகு ஹாஜரா அவள் அத்தாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் கூப்பிடும்போது அவளுக்கு ஹோம்வொர்க் இருக்கும், இல்லையென்றால் தூக்கம் வரும். "புள்ளைக்கு என்னாச்சு?" என்று அவர் கேட்பார். "வளர்றால்ல" என்பேன். பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் அவளைக் கூப்பிடுவதிலேயே போய்விடும். பள்ளிக்கூடத்தில் குடும்பம் வரையச் சொன்னதற்கு என்னையும் தன்னையும் மட்டும் வரைந்திருந்தாள். நான் பயந்துகொண்டிருந்தது என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாததால் கேட்க முடிந்தது.

"அத்தாகூட ஏம்மா பேச மாட்டேங்கிற?"

"அத்தாவுக்கு என் மேல கோவம்."

"யாரு சொன்னா?"

"அவங்க பயணம் சொல்லல."

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாடு போகிறவர் கிளம்புவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். பயணம் போறேன், ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க, துஆ செய்ங்க என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றால் கட்டாயம் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, அக்காவின் கணவர் துபாய் கிளம்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஹாஜரா வீடு வீடாகப் போனாள். எந்த வீட்டில் ரோஸ்மில்க் கொடுத்தார்கள் என்று வந்து ஒப்பித்தாள். சுவர்த் தகராறில் பேசாமல் இருந்த ஒரு வீட்டின் முன்னால் பெரியத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று, பிறகு உள்ளே போனதையும் சொன்னாள்.

"பெரியத்தா சண்ட போட்டவங்க வூட்டுக்கெல்லாம் போயி சொன்னாங்க. எங்கிட்ட மட்டும் அத்தா சொல்லல. அன்னிக்கு நான் சாக்ஸ் காணோம்னு கத்துனேன்ல. அதான் கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ஒனக்கும் எங்கன்னு தெரியல."

எட்டு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சாப்பிட்டிருக்கிறது, பள்ளிக்கூடம் போயிருக்கிறது. நான் துபாய் என்று சொன்னதும் அவளுக்குப் பயணம் சொல்லும் நம் ஊர் வழக்கமும் சேர்ந்தே வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு டோனாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் எடுத்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு டோனா வீட்டுக்கு வந்தாள். சோபாவில் உட்காராமல் ஹாஜராவுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறே வரி. எந்த மொழியில் அழுவாயோ அந்த மொழியில் சொல் என்றாள். தமிழில் சொன்னேன். டோனாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் சரியான இடங்களில் தலையை ஆட்டினாள்.

"அத்தா வேன் ஓட்டும்போது ரோட்டப் பாக்காம போனப் பாத்துட்டாங்க. ஒரு தாத்தா மேல வேன் மோதிருச்சு. அவங்க மௌத்தாயிட்டாங்க. அது பெரிய தப்பு. அதுக்காக ஜட்ஜு அத்தாவ ஜெயில்ல இருக்கச் சொல்லிருக்காங்க. அத்தா பத்திரமா இருக்காங்க, அடுத்த வருசம் வூட்டுக்கு வந்துருவாங்க." தாளில் அவ்வளவுதான். நான் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். "சாக்ஸுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல."

ஹாஜரா டோனாவைப் பார்த்து, இது நிஜமா என்று இங்கிலீஷில் கேட்டாள். நிஜம்தான் என்றாள் டோனா. பிறகு ஹாஜரா என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் துபாய்னு சொன்ன?"

"பயந்துட்டேன்."

"எனக்காகவா?"

"ஒனக்காகவும்தான். எனக்காகவும்தான்."

அழுதாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு கேள்விகள் வந்தன. அத்தாவுக்குக் கட்டில் இருக்கிறதா, லைட்டை அவங்களே அணைக்கலாமா, தொழ இடம் உண்டா, ரூமில் இருக்கிற இன்னொரு ஆள் நல்லவரா. எல்லாவற்றுக்கும் டோனாவிடம் பதில் இருந்தது. தெரியாததற்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அந்தக் கேள்விகளுக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மறுபடியும் ஏதாவது ஒரு பொய்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் ஹாஜரா சொன்னாள். "நான் போயி பாக்கணும். அதுக்கப்பறம்தான் பேசுவேனா மாட்டேனான்னு சொல்வேன்."

6

பார்ப்பதற்கு விண்ணப்பம் போட்டேன். திரும்பி வந்துவிட்டது. பிள்ளையின் குடும்பப் பெயர் கைதியின் குடும்பப் பெயரோடும் பொருந்தவில்லை, கூட வருபவரின் குடும்பப் பெயரோடும் பொருந்தவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் எல்லோரும் அத்தா பெயரை எழுதிவிடுவோம். அதனால் அவர் அன்சாரி ஷேக் தாவூது, நான் பர்வீன் அப்துல் கரீம், பிள்ளை ஹாஜரா அன்சாரி. எங்களுக்கு இது சாதாரணம். இங்கே கம்ப்யூட்டருக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர். போனில் விசாரித்தால், தத்தெடுத்த பிள்ளையா என்று கேட்டார்கள்.

மறுபடியும் போட்டேன். மறுபடியும் வந்தது. ஹாஜரா தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "வந்துச்சா?" என்பாள். இரண்டு வாரம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குக் கிலியைக் கொடுத்தது. போய்ப் பார்க்கணும் என்று தானாகச் சொன்ன பிள்ளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனி யார் சொல்லியும் வரமாட்டாள்.

டோனா என்னை உட்காரவைத்து எங்கள் மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒரு தாளில் வரையச் சொன்னாள். பிறப்புச் சான்றிதழையும் அதையும் எடுத்துக்கொண்டு சிறை அலுவலகத்துக்கே போனாள். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை, ஆளுக்கொரு அப்பா பெயர்தான் இருக்கிறது என்று அவள் விளக்கிய சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. அந்தக் குரலுக்கு அன்றைக்கு நல்ல உபயோகம். மூன்றாவது வாரம் அனுமதி வந்தது. அதுவும் பள்ளி விடுமுறையில் நடக்கும் குடும்ப நாளுக்கு. அன்றைக்கு மட்டும் அப்பாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து பிள்ளைகளோடு விளையாடலாம்.

பெரிய கூடம். வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். ஹாஜரா பாதித் தூரம் நடந்து போய் நின்றுவிட்டாள். அவர் எழுந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. பிள்ளைகளாக வரட்டும், நீங்கள் போய்த் தூக்காதீர்கள் என்று முந்தின நாளே எல்லா அப்பாக்களுக்கும் டோனா சொல்லிவைத்திருந்தாளாம். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் சொல்லாம போனீங்க?"

"சாயங்காலம் வந்துருவேன்னு நெனச்சேம்மா."

"வரலல்ல."

"வரல."

"எம்மேல கோவமா?"

"ஒம்மேல எனக்கு என்னம்மா கோவம். அத்தாமேலதான் எனக்குக் கோவம்."

"அந்தத் தாத்தாவோட வூட்ல மன்னிப்பு கேட்டீங்களா?"

"எழுதிக் குடுத்துருக்கேன். அவங்க படிக்கலாம்னா குடுப்பாங்க. வேணாம்னா இல்ல. அது அவங்க இஷ்டம்."

ஹாஜரா யோசித்தாள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. முழங்கை மட்டும் பட்டுக்கொண்டிருந்தது.

ஓரத்தில் படிப்பு மேஜை ஒன்று போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருவரும் அங்கே போய்ப் பெரிய வகுத்தல் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். "எங்க சார் இப்புடித்தான் சொல்லிக்குடுத்தாரு." "ராங் அத்தா. இங்க இப்படிப் போட்டா மார்க் குடுக்க மாட்டாங்க." "விடை சரியா வருதா இல்லையா?" "அதுவும் வரல." நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எதற்குச் சண்டை என்று டோனா கேட்டாள். சொன்னேன். நல்லது, இங்கே சண்டை போடுகிற பிள்ளை வீட்டில் தூங்கும் என்றாள்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவர் வெளியே வந்தால் என்ன வேலை, ஹாஜராவின் தோழிகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தினமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. போன் மணி அடித்தால் இப்போதும் திடுக்கிடுகிறேன். ஆனால் என் மகளுக்கு அத்தா இருக்கிறார். சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் அந்தச் சின்னக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்காக நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமிருந்தும் திருச்சி ஜெயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உதவ யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், சந்தோஷப்படுவேன். இல்லையென்றால், அந்த வீடு எது என்று உங்கள் தெருவில் உங்களுக்கே தெரியும். என்ன சொல்வது என்று யோசிக்காதீர்கள். போய் உட்காருங்கள்.

7

குடும்ப நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அக்காவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக மனதுக்குள் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹாஜரா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒங்கத்தா இப்ப எங்கதான் இருக்காரு தங்கம்? துபாயா, ஸ்காட்லாந்தா? பெரியத்தா அட்ரஸ் கேட்டுக் கேட்டு என் உசுர வாங்குறாரு."

நான் மாவுக் கையோடு ஓடி வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ரெண்டும் இல்ல பெரியம்மா. ஜெயில்ல இருக்காங்க. அத்தா வேன் மோதி ஒரு தாத்தா மௌத்தாயிட்டாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." மௌத்துச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்வது, அந்தப் பெரியவருக்காக. அவருக்காக எங்கள் ஊரிலிருந்து ஒருவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறுத்து, "ஒங்கத்தா எப்புடி இருக்காரு?" என்றது.

"மெலிஞ்சிட்டாங்க. தாடி வெள்ளையாயிருச்சு. வகுத்தல்தான் தப்புத் தப்பாப் போடறாங்க."

"அன்சாரியா? அது எங்கூடத்தான எட்டாவது படிச்சிச்சு. கணக்குல ஒருநாளும் தேறுனதில்ல."

ஹாஜரா சிரித்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கை நீட்டினேன். "அக்கா, நான் சொல்றேன்க்கா…"

"நீ இருடி. ஒங்கிட்ட அப்பறம் பேசிக்கறேன். புள்ளகிட்ட பேசிட்டு இருக்கேன்ல."

ஹாஜரா போனை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டாள். உள்ளே போகும்போது ஷூவைக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும், தலையில் கிளிப் இருந்தால் அதையும் எடுக்கச் சொல்வார்கள், அதனால் பின்னல் போட்டுக்கொண்டு போவதுதான் நல்லது என்று பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமிருந்து அக்கா "ம், அப்பறம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.